ஜோன்ஸுக்கு ஒதுக்கிய இடம்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. தூத்துக்குடியில், கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல் எழுதும் விஜிலா, ஒரு பிழையை நான்கே வரியில் திருத்தினாள். எனக்கு ஒரு கதையைத் திருத்த நாலு மாதம் ஆகிறது.

(முதல் தொடக்கம்: "மன்னார் வளைகுடா அன்று நீலமாக..." வேண்டாம். கடல் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும்.)

2.

விஷயம் இதுதான். படகுகள் அனுப்பும் அபாயச் செய்திகளைக் கரையில் ஒரு பெட்டி வாங்கும். வாங்கி வைக்க நினைவகத்தில் இடம் வேண்டும். இணைப்பை மூடும்போது முதலில் புதுச் செய்தி வருவதை நிறுத்தி, பாதி வந்ததை முழுதாக வாங்கி, அதன் பிறகே அந்த இடத்தை விடுவிக்க வேண்டும். குழுத் தலைவர் ரெக்சன் தன் நிரலில் முதல் வேலையாக இடத்தை விடுவித்துவிட்டார். இலையை எடுத்த பிறகு சோறு போடுகிற கதை. அந்த நேரம் ஒரு செய்தி வந்தால் பெட்டி மொத்தமாக உறைந்துவிடும்.

அவர் சோதிக்காமல் இல்லை. நூறு தடவை மூடித் திறந்தார், நூறும் தேறியது. ஆனால் சோதித்த நாள் பனிமய மாதா திருவிழா. ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை.*

விஜிலா இதைச் சொன்னதும் ரெக்சன் சிரித்தார்.

"ஏளா, மூடுத அந்த ஒரு நொடியில எவன் செய்தி அனுப்புதான்?"

"எங்க அண்ணன் அனுப்புவான்."

* சப்பரம் பார்க்கக்கூடப் போகாமல் வேலை செய்தேன் என்று ரெக்சன் இன்றும் பெருமை பேசுகிறார்.

3.

அண்ணன் ஜோன்ஸ், கீழவைப்பாரில் படகு வைத்திருக்கிறான். முதல் வரைவில் அவனுக்கு மூன்று பக்கம் கொடுத்திருந்தேன். நடுக்கடலில் என்ஜின் நின்று, அவன் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தான். பத்திரிகை ஆசிரியர் "நீளம்" என்றார். கதையைச் சீக்கிரம் மூடும் அவசரத்தில் மூன்று பக்கத்தையும் அழித்தேன்.

முடிவு ஒன்று: விஜிலா வரிசையை மாற்றினாள், ரெக்சன் மன்னிப்புக் கேட்டார். (ரெக்சனைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: விஜிலா வரிசையை மாற்றினாள், பிழையைத் தானே கண்டுபிடித்ததாக ரெக்சன் மேலிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான்

4.

விஜிலா திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. பெட்டி சரியாகிவிட்டது. ஜோன்ஸின் செய்தி மட்டும் வரவில்லை.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் எங்க?" என்று என்னைத்தான் கேட்கிறாள்.

ரெக்சனைக் கேலி பேச எனக்கு என்ன யோக்கியதை? ஜோன்ஸ் பேசி முடிக்குமுன் அவன் இடத்தை அழித்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கதையை நான் மூடப்போவதில்லை. அழித்ததில் ஒரு வரிதான் மிஞ்சியது. மீதியை நீங்கள் எழுதுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ஜின் நின்னுட்டு. தண்ணி ஏறுது. நாங்க நிக்கிற இடம்