புது மை

கிண்ணத்துத் தண்ணீரில் ஹுஸ்னா துண்டுத்தாளை முக்கினாள். முந்தின நாள் அதில் எழுதிப் பார்த்த எழுத்து வாலை நீட்டி, புகைபோலக் கலைந்து, தண்ணீரோடு போனது.

"கரையுதா புள்ள?" கட்டிலில் இருந்து கணவர் ஹுமாயூன் கேட்டார்.

குர்ஆன் முழுவதையும் கையால் நகலெடுக்க அவர் உட்கார்ந்து வருடங்கள் ஆகின்றன. எழுதியதைவிட எழுதுமுன் பட்ட பாடுதான் பெரிது. மகனுக்குப் பெண் பார்ப்பதுபோலத் தாள் பார்த்தார். பழுப்பேறாது என்று பருத்தித் தாளை வரவழைத்தார். நாணல் பேனாவைத் தானே சீவினார். ஒவ்வொரு மையிலும் எழுதிய துண்டுகளைக் கோடை முழுக்க மாடிக் கொடியில் தொங்கவிட்டார். "வத்தல் போட எடமில்ல, உங்க மைதான் காயுது" என்று ஹுஸ்னா ஏசாத நாளில்லை. கடைசியில் மஸ்கட்டில் வாங்கிவந்த மை ஒன்றுதான் வெயிலுக்கும் தண்ணீருக்கும் நின்றது.

கடைசி அத்தியாயமான அந்தச் சின்னச் சூரா மட்டும் பாக்கி இருக்கும்போது அந்தப் புட்டி தீர்ந்தது. மகன் தௌஃபீக் பெரம்பலூரில் கடை கடையாக ஏறி இறங்கி இந்தப் புது மையைக் கொண்டுவந்தான். மஸ்கட்டிலிருந்து வரவழைக்க நாளாகும். அத்தனை நாள் அவர் தாங்கமாட்டார் என்று சொல்லித்தான் திருச்சி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிக்காமலே போய்விடுவாரே என்று நினைத்தவள் கிண்ணத்தை அவர் கண்ணுக்குத் தெரியாமல் நகர்த்தினாள்.

"கரையலங்க" என்றாள்.

வெள்ளாற்றுக் காற்று ஜன்னல் திரையை ஊதி ஊதி விட்டது. அறைக்குள் வெளிச்சம் தண்ணீராய் அலைந்தது.

"மழ பெய்யுதா?"

"வெயிலுங்க."

ஈரக்கையோடு வந்து அவர் முகம் கைகாலைக் கழுவி ஒலு செய்துவிட்டாள். அவர் பார்வை அவள் விரல்நுனியில் நின்றது. கருத்திருந்தது. முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொன்னா சரி. எழுதுற பலகைய எடு."

எழுதினார். ஒரு சொல் எழுதுவார், கண்ணை மூடி எங்கோ போவார், திரும்பி வந்து அடுத்த சொல்லை வைப்பார். மணிக்கட்டை மட்டும் அவள் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்த மத்தியானம் முடியவே வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு. கடைசி எழுத்தை இழுத்துவிட்டுத் தூங்கினார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அடங்கியபோது அவர் மூச்சும் அடங்கியிருந்தது.

அடுத்த தெருவிலிருந்து அவருடைய அக்கா சாகிரா ஓடிவந்தாள். தம்பியின் நெற்றியைத் தடவினாள்.

"எழுதி முடிச்சிட்டானா ஹுஸ்னா?"

"முடிச்சிட்டாங்க மதினி."

"எங்க, காட்டு."

அலமாரியிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவந்தாள். அதைப் பார்த்ததும் அதுவரை வராத அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கிட்ட கொண்டா, கண்ணு தெரியல."

"இருங்க மதினி."

ஹுஸ்னா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தாள் பிடித்த கைகளை மட்டும் எட்டியவரை மறுபக்கம் நீட்டியபடி நின்றாள்.