டேங்க் நிறைந்தால் நிற்கும் வண்டி

டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் பதினைந்தாவது கிலோமீட்டரில் நின்றது. பாதி காலியானதும் நாற்பதுவரை ஓடியது. வயிறு நிறைந்ததும் சாய்ந்துகொள்ள இது என்ன அத்தானா, வண்டிதானே? அவளுக்குப் புரியவே இல்லை.

மூன்று வருடமாக அவளை ஆஸ்பத்திரி கேண்டீன் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பழைய வண்டி. ஒருநாள்கூட முரண்டு பிடித்ததில்லை. நேற்றுக் காலை, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி நடக்கும் பைக் ரேலிக்குக் கிளம்பிய பிறகுதான் இந்தக் கூத்து.

கூடவே கிளம்பிய பைக் சங்கக் கூட்டத்துக்குத் தலைமை அக்கா புருஷன். கேப்டன் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், அவரேதான். முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், ஹெல்மெட்டின் மேல் கேமரா. நேற்று மாலை கூடாரம் அடிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். முடிவில் இரண்டு கம்பி மிச்சம். "அது ஸ்பேர்" என்றார். விடிவதற்குள் கூடாரம் அவர் மேலேயே படுத்துவிட்டது.

இந்த மனிதரிடம்தான், அக்காவின் எதிரில் சவால் விட்டிருந்தாள்: வண்டி தன் காலில் ரேலி வாசலைத் தொடாவிட்டால் அதை விற்றுவிடுகிறேன், அடுத்த வருடம் உங்கள் பின்சீட்டில் வருகிறேன் என்று. அறுநூறு கிலோமீட்டர் அந்த முதுகையும் அந்தப் பேச்சையும் யார் சகிப்பது?

முதல் தடவை நின்றபோது அவர் ப்ளக்கைக் கழற்றித் துடைத்தார். ஓடியது. "பாத்தியா?" என்றார். இரண்டாவது தடவை கார்புரேட்டரைக் கழுவினார். ஓடியது. மூன்றாவது தடவை, "இன்ஜின் சூடு. ஆறட்டும்" என்று மடக்கு நாற்காலியை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார். அப்போதும் ஓடியது. அதன்பின் நின்ற ஒவ்வொரு தடவையும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று.

எரிச்சலே அதில்தான். மூன்று வைத்தியமும் பலித்தால், பலித்தது வைத்தியம் இல்லை. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது இருபது நிமிடக் காத்திருப்பு மட்டும்.

ரேலி மைதானத்துக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கும்போது, பங்க்கில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. கேப்டன் சந்தோஷத்தை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. "மினி லாரிக்குச் சொல்லிட்டேன் கொழுந்தியா. பின்சீட்டுக்கு மெத்தை போடணுமா?"

அவள், பங்க்கில் உண்மையிலேயே நிரப்பினார்களா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸ் என்றது. வெளியே வரும் காற்று இல்லை, உள்ளே போகும் காற்று. பங்க்கின் இரைச்சலில் இது காதில் விழுந்திருக்காது.

கேண்டீனில் தினமும் எண்ணெய் டின் திறக்கிறவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுமா? டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி நின்றுவிடும். எதிர்மூலையில் இன்னொன்று போட்டால்தான் காற்று உள்ளே புகுந்து, எண்ணெய் ஒழுங்காக இறங்கும். நிறைந்த டின்னில் காற்றே கொஞ்சம். அது சீக்கிரம் மெலிந்து, இறங்குவதைப் பிடித்து நிறுத்திவிடும். பாதி டின்னில் காற்று அதிகம், மெலிய நேரமாகும். இருபது நிமிடம் காத்திருந்தால் மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கசிந்து உள்ளே போய்விடும்.

மூடியின் நடுவில் காற்றுக்கென்று ஒரு சிறு துளை உண்டு. அதன் மேல் சங்கத்தின் கழுகுத்தலை ஸ்டிக்கர். நேற்றுக் காலை கேப்டன் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எல்லா வண்டிக்கும் ஒட்டியது. மற்றவை புது வண்டிகள். அவற்றுக்குக் காற்றுவழி வேறு இடத்தில்.

"அத்தான், லாரி வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன், தள்ளிக்கிட்டே வரப்போறியா?"

"உங்க கழுகு என் வண்டியோட மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு."

"ஏய், கிழிச்சிடாதே! அந்த ஸ்டிக்கர் இல்லாம கேட்ல விடமாட்டாங்க!"

"கிழிக்கலை. நீங்க கேமராவைப் பிடிங்க. இதுக்காவது உபயோகப்படட்டும்."

கழுத்துத் துணியிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். கழுகின் கண் சரியாகத் துளைக்கு நேர்மேலே இருந்தது. அதில் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். மூடியைத் திருகி மூடிவிட்டு உதைத்தாள். அறுபது கிலோமீட்டரும் நிற்காமல் ஓடி, ரேலி வாசலைத் தொட்டது வண்டி. தேவைப்பட்டது அவ்வளவுதான்: ஸ்டிக்கரில் ஊக்கு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.