என் கணவரின் கான்செர்டோ பிறந்த கதை

எங்கள் ஜெர்மன் நகரமான லைப்சிக்கில் யாரைப் பார்த்தாலும், "அந்தக் கான்செர்டோவோட நடுப்பகுதி அவருக்கு எப்படிம்மா தோணுச்சு?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். சிரித்துச் சமாளித்து அலுத்துவிட்டது. இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் அந்தக் கான்செர்டோவை என் கணவர் லுடோல்ஃப் மூன்று வருடம் எழுதினார். இசைக்குழுவுக்கான தாள்களை எல்லாம் நான்தான் படியெடுத்தேன். வயலினுக்கு மட்டும் பன்னிரண்டு படி. நடுப்பகுதியில் பியானோவுக்குரிய வரிகள் வெறுமையாகவே கிடந்தன. வாசிக்கப்போவது தாங்களேதான் என்றால் இங்கே பலர் தங்கள் பங்கை முழுதாக எழுதிவைப்பதில்லை.

கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது பனியில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீயே வாசிச்சிடு தெக்லா. மூணு வருஷமா பக்கத்து அறையில இருந்து கேட்டவதானே."

"நடுப்பகுதியில என்ன வாசிக்கிறதா இருந்தீங்க?"

"மேடையில பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளைகள் உறங்கும் மதிய நேரங்களில் உட்கார்ந்து அந்த வரிகளை நிரப்பினேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் நான் எழுதிய முதல் இசை. முடித்தபோது சந்தோஷத்தில் அழுதேன். என் பெயர் போட்டு ஒன்றாவது அச்சாகவேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வந்து தொலைத்தது.

கச்சேரியன்று அரங்கில் நடுப்பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். வீட்டில் லுடோல்ஃபுக்காக இன்னொரு முறை வாசித்தேன்.

"எனக்கு இப்படி வந்திருக்காது," என்றார். "அச்சுல உன் பேரும் வரணும்."

பொய் சொல்லும் மனிதர் இல்லை அவர். அடுத்த வாரம் பதிப்பாளர் ஓபர்லேண்டர் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்: "நடுப்பகுதி என்னுது இல்லைங்க. மொத்தமும் இவளோடது."

ஓபர்லேண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெண்டாட்டி மேல இவ்வளவு பிரியமா!"

"பிரியத்துல சொல்லலைங்க. நெசமாவே."

"புரியுதுங்க, புரியுது."

"நான்தான் எழுதினேன்," என்றேன் நானும்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "கொடுத்துவச்ச மகராசிம்மா நீங்க."

லுடோல்ஃப் என்னைப் பார்த்தார். மேற்கொண்டு வாதாட அவருக்கும் தெம்பில்லை, எனக்கும் இல்லை.

ஈஸ்டருக்கு அச்சாகி வந்தது. மேலே லுடோல்ஃபின் பெயர். கீழே, பூ வேலைப்பாட்டுக்கு நடுவில், "என் அன்பு மனைவி தெக்லாவுக்குக் காணிக்கை."

நான் எழுதியதை எனக்கே பரிசாகக் கொடுத்திருந்தார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.