கால் கனம்

"பின் சக்கரம் ஒண்ணு தனியா சுத்துது அண்ணா" என்று என் தங்கை முதல் தடவை சொன்னபோது நான் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

"சக்கரத்தைக் குத்தம் சொல்லாத வாலு. உனக்குக் கால் கனம். ஆக்சிலேட்டரப் பூ மாதிரி மிதிக்கச் சொன்னா கரப்பான்பூச்சிய மிதிக்கிற மாதிரி மிதிக்கிற."

வாலு என்பது வீட்டில் நான் அவளுக்கு வைத்த பெயர். எங்கள் பந்தய அணியின் காரை ஓட்டுகிறவள் அவள். அதைப் பராமரிக்கிற மெக்கானிக் நான். என் கையில் ஸ்பானர் இல்லாத நேரத்திலும் வாய் சும்மா இருக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

அவள் சொன்னது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கார் வேகமாக வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடும். சாதாரணக் காராக இருந்தால் இஞ்சினின் விசை முழுவதும் அந்தப் பாரமில்லாத சக்கரத்துக்கே ஓடிவிடும். அது வெட்டியாகச் சுழன்று டயரைப் புகைய வைக்கும், வண்டி முன்னே நகராது. அதைத் தடுக்கத்தான் பந்தயக் காரில், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃப்ரன்ஷியலுக்குள் வட்ட வட்டத் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு இரண்டு பின் சக்கரங்களையும் சேர்ந்தே சுற்ற வைக்கும். அந்தப் பிடி விடுகிறது என்பதுதான் அவள் புகார்.

நான் பார்க்காமல் இல்லை. மறுநாள் காலை வந்ததும் வராததுமாகக் காரை லிஃப்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, இடது பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். வலது சக்கரமும் அதே பக்கம் சுற்றியது. தட்டுகள் தேய்ந்திருந்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்துக்கோ. ரெண்டும் ஒண்ணாத்தான் போகுது. இப்ப என்ன சொல்ற?"

"முதல் சில சுத்து நல்லாத்தான் இருக்கு அண்ணா. அப்புறம்தான் விடுது."

"அப்ப காருக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரத்துல உனக்குத்தான் பொறுமை போயிடுது."

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருந்தது. ஆனால் எனக்கென்று ஒரு சட்டம் உண்டு. எதையும் வண்டி ஆறிய பிறகுதான் அளப்பேன். சூடான வண்டியில் கை வைக்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்று எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதோடு விட்டேனா? ஒரு பழைய ஆக்சிலேட்டர் பெடலை ஸ்பிரிங்கோடு பலகையில் பொருத்தி, வீட்டில் சாப்பாட்டு மேசைக்கடியில் ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். "சாப்பிடும்போது மெதுவா மிதிச்சுப் பழகு, கால் எடை குறையும்" என்றேன். நான் கேலிக்குத்தான் செய்தேன். அவள் நிஜமாகவே பழக ஆரம்பித்துவிட்டாள். "சாப்பிடுற இடத்துல என்னடி டொக்கு டொக்குன்னு?" என்று அம்மா திட்டுவாள். இவள் காதிலேயே வாங்கமாட்டாள்.

அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிற நேரம் வந்தது. யாரை ஓட்டச் சொல்லலாம் என்று அணியின் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கடைசிச் சுற்றுகளில் அவள் சொதப்புகிறாள், டயரும் வீணாகிறது, இந்தத் தடவை மீசையிடம் கொடுத்துப் பாருங்கள் என்று நானே சொன்னேன். மீசை எங்கள் அணியின் இன்னொரு ஓட்டுநர். தங்கை என்று பாரபட்சம் பார்க்காத ஆள் என்று முதலாளி என் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

அவளிடம் முதலாளியே சொன்னார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. என்னிடம் வந்து, "உன் டயரையெல்லாம் வீணாக்கிட்டேன்ல அண்ணா, சாரி" என்றாள். பரவாயில்லை என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன்.

மீசை காரை எடுத்துக்கொண்டு பந்தய மைதானத்தில் போய்ச் சுற்றினான். தங்கை என் பக்கத்தில் டயர் காற்றளக்கும் கருவியோடு நின்றிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் ஷெட்டுக்குள் வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அண்ணே, பின் சக்கரம் ஒண்ணு தனியா சுத்துது."

"அப்படியா? இரு, இப்பவே பாத்துடலாம்" என்றேன்.

சொல்லிவிட்டுக் காரை லிஃப்டில் ஏற்றியும்விட்டேன். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. டிஃப்ரன்ஷியல் கொதித்துக்கொண்டிருந்தது, கிட்டே போனாலே முகத்தில் அனல் அடித்தது. கையுறை போட்டு இடது சக்கரத்தைச் சுற்றினேன். வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. மறுபடி சுற்றினேன். மறுபடியும் எதிர்ப்பக்கம்.

காலையில் டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கிற எண்ணெய் ஆறிக் கெட்டியாக இருக்கும். தேய்ந்த தட்டுகள்கூட அந்தப் பிசுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒழுங்காக நடிக்கும். சூடேறி எண்ணெய் இளகியதும் சாயம் வெளுத்துவிடும். இது எனக்குத் தெரியாததா? படிக்காத பாடமா? எல்லாம் தெரியும். அவள் சொன்னபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். தங்கை அந்த வலது சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை சொன்னதும் அவள் சொன்ன அதே வார்த்தைதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவள் காற்றளக்கும் கருவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

எண்ணெயை இறக்கினேன். கருகிய வாடை அடித்தது. அடியிலிருந்த காந்த மூடியில் இரும்புத் தூள் சேறாக அப்பியிருந்தது. டிஃப்ரன்ஷியலைப் பிரித்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் பரப்பினேன். சொரசொரப்பாக இருக்க வேண்டிய முகமெல்லாம் கண்ணாடி போல வழுவழுத்திருந்தது. ஷெட்டில் இருந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"அவளுக்குக் கால் கனம் இல்ல. எனக்குத்தான் வாய்க்கொழுப்பு" என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

தேய்ந்த தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"சார், தப்பு என்மேலதான். அவ பேரையே திரும்பப் போட்டுடுங்க."

"பேர் குடுத்தாச்சு. மாத்துறதுக்கு நேரமும் முடிஞ்சுபோச்சு."

"ஏதாவது வழி பண்ணுங்க சார்."

"கூடப்பொறந்தவன் நீயே அவள வேணாம்னு சொன்னப்புறம் நான் வேற யாரைப் போய்க் கேக்கிறது?" என்று தட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதுத் தட்டுகள் வந்தன. அவற்றை எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, வரிசை மாறாமல் அடுக்கி, இறுக்கம் அளந்து, பூட்டினேன். பிடிமானத் தட்டுகளுக்கென்றே உள்ள எண்ணெயை ஊற்றினேன். இனி ஒரு வேலைதான் பாக்கி. புதுத் தட்டுகள் ஒன்றோடொன்று பழக, ஷெட் முற்றத்தில் காரை மெதுவாக ஓட்டி எட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடாது, அவசரம் கூடாது. மீசை இரண்டு எட்டுப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டான்.

"நான் பண்றேன், இறங்கு" என்றாள் தங்கை.

அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவர்மேல் ஏறும்வரை ஒரே சீராக, ஒரு உலுக்கல்கூட இல்லாமல் ஓட்டினாள். வேறொருத்தன் ஓட்டப்போகிற காருக்காக. பொறுமை இல்லாதவள் என்று நான் சொன்னது இவளைத்தான். பக்கத்தில் உட்கார எனக்குக் கூசியது.

"மன்னிச்சுடும்மா" என்றேன். வாலு என்று கூப்பிட வாய் வரவில்லை.

அவள் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "நான் எத்தன தடவ சொன்னேன் அண்ணா?"

அடுத்த வளைவைத் திருப்பி முடித்தாள்.

"அவன் ஒரு தடவதான் சொன்னான்."

அடுத்த எட்டின் பாதியில் அவளே மறுபடி பேசினாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். என் காலையே எனக்குப் பிடிக்காமப் போச்சு."

எட்டுப் போட்டு முடிந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓட்டிப் போனாள். சூடேறும்வரை சுற்றிவிட்டு நேராக ஷெட்டுக்குள் வந்து இறங்கினாள்.

"ஏத்து" என்றாள்.

ஏற்றினேன். என் கையுறையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தானே இடது சக்கரத்தைச் சுற்றினாள். வலது சக்கரம் அதே பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போய் வலதைச் சுற்றினாள். இடதும் கூடவே வந்தது. அதன் பிறகுதான் நம்பினாள்.

"கடைசிச் சுத்து வரைக்கும் பிடிக்கும். பயப்படாம மிதி" என்று மீசையிடம் சொன்னாள். கையுறையை என்னிடம் நீட்டினாள். "வீட்டுக்குப் போனதும் மேசைக்கடியில இருக்கிறத கழட்டிடு. நீதான மாட்டுன."

வீட்டுக்குப் போனேன். மேசைக்கடியில் குனிந்து ஸ்க்ரூவைத் திருகினேன். பெடலின் ரப்பரில் கால்விரல் படும் இடத்தில் கோடுகளே இல்லை, அழிந்துபோயிருந்தன.

"எதுக்குடா கழட்டுற? அவளுக்குக் கால் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள் அம்மா.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள்.

"அடப் பாவி, சோறு ஆறிப்போறதுகூடத் தெரியாம இங்க உக்காந்து மிதிச்சுட்டே இருப்பாளேடா" என்றாள்.

நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.