கொழப்பம் இல்ல

குற்றாலலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. கேண்டீன் சாம்பாரால் அல்ல, பக்கத்து நாற்காலிக்காரி திவ்யலட்சுமியால்.

ஒரு கம்ப்யூட்டரை வேறொரு கம்ப்யூட்டராக நடிக்க வைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. எமுலேட்டர் என்பார்கள். இது தனியார் சொத்து இல்லை. பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதுவது. அதில் எந்தப் பிராசசரில் என்னென்ன பாகம் உண்டு என்று சொல்லும் ஃபைல் ஒன்று பல வருஷமாக லிங்கத்தின் பொறுப்பில் இருந்தது. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்துக் கம்பெனி அவனுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதற்குத்தான். புதுப் பிராசசர் வந்தால் பழையதைக் காப்பியடித்து, நாலு வரி மாற்றி, கீழே ஒட்டுவான். ஒட்டி ஒட்டி அந்த ஃபைல் அனுமார் வாலாக நீண்டுவிட்டது. அந்த நீளத்தில் அவனுக்கு ரகசியமாக ஒரு பெருமை. காட்டுக்குள் வழி தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே.

திவ்யலட்சுமி போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். நாஞ்சில் நாட்டுக் குடும்பம்தான், ஆனால் பிறந்து படித்ததெல்லாம் திருவனந்தபுரம். வாக்கியம் தமிழில் ஏறி மலையாளத்தில் இறங்கும். அவள் அந்த ஃபைலைத் திருத்தி எழுதினாள். இனி ஒவ்வொரு பிராசசரும் தன் முன்னோரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். அனுமார் வால் ஆட்டுக்குட்டி வால் ஆயிற்று. மாற்றங்களைத் தனித்தனிப் பேட்சுகளாக்கி, எல்லாரும் படிக்கும் மெயிலிங் லிஸ்டில் போட்டாள்.

பேட்சுகளைச் சேர்க்கும் அதிகாரம் உள்ளவர் பெங்களூர் ஹரிநாராயணன். இதை என்றைக்கோ செய்திருக்க வேண்டும், இந்த ஃபைலை இனித் திவ்யாவே பார்த்துக்கொள்ளலாமே என்று எல்லாருக்கும் தெரிய எழுதிவிட்டார். 'என்றைக்கோ' என்ற அந்த ஒற்றைச் சொல் லிங்கத்தைக் குடைந்தது. வீட்டை எழுதிக் கொடு என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று முதல் அவள் பேட்சுகளில் பேன் பார்த்தான். ஒரு கமா இடம் மாறியதைக்கூட விடவில்லை. அவளோ ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லித் திருத்தினாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் ஏழாவது பேட்சில் அகப்பட்டது.

பெயரில் ஒன்பது என்ற எண் உள்ள ஒரு பழைய பிராசசர். எட்டின் பிள்ளைதான் ஒன்பது என்று நினைத்து அவள் எட்டின் கீழே சேர்த்திருந்தாள். உண்மையில் அது ஆறிலிருந்து வந்தது. பேர் ஒரு வீட்டுப் பேர், சொத்து வேறு வீட்டுச் சொத்து, தாய்மாமன் சொத்து மருமகனுக்குப் போகும் அந்தக் கால மருமக்கள்வழி மாதிரி. எட்டில் உள்ள ஒரு பாகம் ஒன்பதில் கிடையாது. உண்டு என்று சொல்லிவிட்டால், அதை நம்பும் பழைய சிஸ்டம் இல்லாததைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றுவிடும். பழைய மாடல் என்பதால் சோதனை ஸ்கிரிப்டும் அதைத் தொடுவதில்லை.

லிங்கத்துக்குக் குளுகுளுவென்று இருந்தது. இப்போதே சொன்னால் ஒரே நிமிஷத்தில் திருத்திவிட்டு அதற்கும் சபாஷ் வாங்குவாள். சொல்லாவிட்டால் ரிலீஸ் ஆனபிறகு உடையும், எல்லாரும் பழைய ஆளைத் தேடி வருவார்கள். தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனம் கெட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. லிங்கத்துக்குச் சகுனமும் கெடவேண்டும், மூக்கும் வேண்டும். லிஸ்டில் வாயே திறக்காமல் இருந்துவிடுவதென்று முடிவு செய்தான்.

மறுநாள் காலை பஸ்சுக்காகக் கிழக்கேகோட்டைக்கு நடந்தவன், பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் அவளைப் பார்த்தான். பேட்சுகள் தடங்கலில்லாமல் உள்ளே போக வேண்டுமென்று தேங்காய் உடைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, ஏழாமத்தது நோக்கியாச்சா? கொழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?"

"கொழப்பம் இல்ல," என்றான் லிங்கம்.

மலையாளத்தில் அதற்குப் பழுதில்லை, சரியாக இருக்கிறது என்று பொருள். தமிழில் மனசு தெளிவாக இருக்கிறது, அவ்வளவுதான். லிங்கம் தமிழில்தான் சொன்னான் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். தப்பு எங்கே என்பதில் அவனுக்குத் துளியும் குழப்பமில்லையே. பிள்ளையார் வாசலில் பொய் சொல்வானா?

சாயந்திரம் அவள் திருத்திய பேட்சுகளை மறுபடி லிஸ்டில் போட்டாள். ஏழாவதின் அடியில் ஒரு புது வரி: சரிபார்த்தவர், குற்றாலலிங்கம். எழுத்தில் சொன்னவர்கள் பெயரைத்தான் அங்கே போடுவது வழக்கம். அவளுக்கு அண்ணனின் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்திருக்கிறது. லிங்கம் பார்த்தாயிற்றென்றால் நான் பார்க்க வேண்டியதில்லை, காலையில் சேர்த்துவிடுகிறேன் என்று ஹரிநாராயணனிடமிருந்து உடனே பதிலும் வந்துவிட்டது.

இப்போது உடைந்தால் முதலில் போவது அவன் மூக்கு. லிங்கம் நாற்காலியைத் திருப்பினான். ஏழாவதில் தப்பு இருக்கிறது என்று சொல்லி, ஒன்பதைக் காட்டினான். அவள் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அய்யோ. எப்ப கண்டீங்க அண்ணா?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "நேத்து."

"காலைல கொழப்பம் இல்லன்னு பறஞ்சீங்களே."

"அது... தமிழ்ல சொன்னேன்."

அவள் சத்தம் போடவில்லை.

"நான் உங்ககிட்ட கேட்டது எந்த பாஷையில அண்ணா?"

அவள் திரும்பி உட்கார்ந்து ஒன்பதை ஆறின் கீழே மாற்றினாள். சரிபார்த்தவர் வரியை எடுத்துவிட்டு, தப்பைக் கண்டுபிடித்தவர் குற்றாலலிங்கம் என்று எழுதி அனுப்பினாள். எப்போது கண்டுபிடித்தார் என்று எழுதவில்லை.

லிஸ்டில் ஒரே பாராட்டு. இந்தக் கண் இருக்கும்வரை ஃபைல் லிங்கத்திடமே இருக்கட்டும் என்று ஹரிநாராயணன் எழுதினார். எதற்காக இத்தனை பாடுபட்டானோ அது கைக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் திவ்யலட்சுமி வேறொரு வேலை தொடங்கினாள். முன்பெல்லாம் லிஸ்டில் போடுமுன் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பி, இதைக் கொஞ்சம் நோக்கணும் அண்ணா என்பாள். இந்தத் தடவை பிரேசிலில் இருக்கும் யாரோ ஒருத்தனுக்கு அனுப்பினாள். அவன் ஏதோ குறை சொல்லி எழுதியிருப்பான் போல. படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே திருத்தத் தொடங்கினாள். அந்த முகம் தெரியாதவன் மேல் லிங்கத்துக்கு அப்படியொரு பொறாமையாக இருந்தது.