நாக்குக்கு அடியில்

தம்பி கொட்டாவி விட்டால் நர்ஸுக்குச் சந்தோஷம். கொட்டாவிக்கு இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை. அவன் கண்ணில் டார்ச் அடித்தாள், நாடி பிடித்தாள், கையில் சிலிர்த்து நின்ற மயிர்களைத் தடவிப் பார்த்தாள். "மாத்திரை உடம்பை விட்டு இறங்குற அறிகுறி நல்லா வந்திருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குங்க, இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மேலேயிருந்து விழுந்து முதுகு ஒடிந்தபோது கொடுத்த வலி மாத்திரை, முதுகு சேர்ந்த பிறகும் அவனை விடவில்லை. என் தையல் கடைப் பட்டன் டப்பாவில் ஒளித்து வைத்து, வேளைக்கு ஒன்றாக நான்தான் கொடுத்து வந்தேன். அப்படியும் வெளியே வாங்கித் தின்று குளியலறையில் உதடு நீலமாகிக் கிடந்தான். பிழைத்து எழுந்த பிறகு அவனாகவே, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா. நாளைக்குன்னா வரமாட்டேன்" என்றான்.

நர்ஸ் நகர்ந்ததும் அவனுக்கு உடம்பு முறுக்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். மூக்கும் கண்ணும் ஒழுகின. "அக்கா, டப்பா பையில இருக்குல்ல?" இருந்தது. மனசு கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டு ஒன்று கொடுத்தேன். தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான்.

ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி நான் மூச்சு விடுவதற்குள் நர்ஸ் மருந்தோடு வந்துவிட்டாள். கூடவே டாக்டர், சின்ன வயதுப் பெண்.

"இதை நாக்குக்கு அடியில வைக்கணும். பழைய மாத்திரை உடம்புல மிச்சம் இருந்தா அதை ஒரேயடியாப் பிடுங்கித் தள்ளிடும். இப்ப படறதைவிட ரொம்ப மோசமாப் படுவீங்க. அதான் மறுபடியும் கேக்கறேன், கடைசியா எப்ப எடுத்தீங்க?" என்றாள் டாக்டர்.

"நேத்து" என்றான் தம்பி. என் பக்கம் திரும்பவேயில்லை.

நான் கொடுத்தது இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை, அதனால் இவர்களுக்குத் தெரிய வழியில்லை. சொல்லாவிட்டால் துடித்துப்போய், ஜென்மத்துக்கும் இந்த மருந்தின் பக்கமே வரமாட்டான். சொன்னால் காத்திருக்கச் சொல்வார்கள். சற்று நேரத்தில் அவனுக்கு உடம்பு சுகமாகிவிடும். சுகமானவன் இங்கே எதற்கு இருப்பான்? அடுத்த தடவை குளியலறைக் கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து சத்தமே வராது.

நர்ஸ் உறையைக் கிழித்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"இப்பதான் ஒண்ணு குடுத்தேன்" என்றேன். "நான்தான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நல்லவேளை சொன்னீங்க. அது இறங்கட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் இங்கயே இருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். டப்பாவைக் கொடுத்தேன். உள்ளே பட்டன்கள் குலுங்கின.

அவர்கள் போனதும் தம்பி காலைத் தொங்கப்போட்டுச் செருப்பைத் துழாவினான். ஒன்று கிடைத்தது. மற்றதன் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"காலை எடுக்கா."

"எங்க போற?"

வாரில் விரலை நுழைத்து மெதுவாக இழுத்தான். நான் இன்னும் அழுத்தி நின்றேன். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் கையைப் பார்த்தேன். சிலிர்த்து நின்ற மயிர்கள் ஒவ்வொன்றாகப் படிந்துகொண்டிருந்தன.