நான்காம் மாடியில் ஆளில்லை

எனக்கு மறதி கிடையாது. இருபது வருஷத்துச் சண்டையைக்கூடத் தேதியோடு சொல்லிக் காட்டுவாள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் அங்கலாய்ப்பார். அந்த வியாழக்கிழமை நான் செய்த தவறுக்குக் காரணம் மறதி இல்லை, ஜலதோஷம். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் எழுந்து வந்திருந்தேன். புதுப் பெயர்ப் பட்டியல் என் கூட்டாளி நோலீனிடம் இருந்தது. அவள் வந்த டிராம் பாதி வழியில் நின்றுவிட்டது. மணி ஐந்தாகிவிட்டதே என்று என் பையில் கிடந்த பழைய நோட்டைப் பிரித்து ஒலிபெருக்கியில் வாசிக்க ஆரம்பித்தேன்.

தினமும் நாங்கள் செய்கிற வேலைதான் அது. மெல்போர்னின் வடக்கே அந்த ஹோட்டலின் மூன்றாம் மாடியில் நாற்பத்துமூன்று பேரைப் பூட்டி வைத்திருந்தார்கள். தஞ்சம் கேட்டுப் படகில் வந்தவர்கள்; தீவு முகாமில் அடைத்துவிட்டு, அங்கிருந்து வைத்தியத்துக்கென்று கூட்டிவந்திருந்தார்கள். வைத்தியம் நடந்ததோ இல்லையோ, வருஷம் ஒன்றாகிவிட்டது. ஜன்னல்களைத் திறக்க முடியாது. எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று நாங்கள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவோம். கூப்பிட்டவன் தன் போனில் டார்ச்சைப் போட்டு கண்ணாடியில் வைப்பான். இருக்கிறான், உயிரோடு இருக்கிறான் என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவோம்.

அந்தப் பட்டியல்தான் எங்கள் ஆயுதம். எங்கள் வக்கீல் ரோவன் ஒரு பெயரைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த ஆளை அவர்கள் இஷ்டத்துக்கு விமானம் ஏற்ற முடியாது. பெயர் தெரியாதவனை விடியற்காலையில் தூக்கிக்கொண்டு போய் மறுபடி தீவில் இறக்கிவிடலாம். ஏன் என்று கேட்க நாதி இருக்காது. மாதக் கடைசிக்குள் ஒரு விமானம் கிளம்பப் போகிறது என்று அப்போது பேச்சு.

நானும் படகில் வந்தவள்தான். இரண்டு பிள்ளைகளோடு பாலைவன முகாமில் பதினாலு மாதம் இருந்தேன். இப்போது மெல்போர்ன் புறநகரான டாண்டினாங்கில் எங்கள் ஹஸாரா இனத்து ஜனங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். பையன்களுக்கெல்லாம் நான் காலா, அதாவது சித்தி.

"ஸஃப்தர்" என்று வாசித்தேன். வாசித்த பிறகுதான் உறைத்தது. ஸஃப்தர் நாலு வருஷத்துக்கு முன்பே தீவில் காய்ச்சலில் செத்துப்போனவன். நோட்டில் அந்தப் பெயரை அடிக்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டிருந்தேன்.

அடுத்த பெயரை வாசிக்க வாயைத் திறந்தேன். அப்போது நான்காம் மாடியில், கடைசி ஜன்னலில், ஒரு மேசை விளக்கு எரிந்தது. மூன்று எண்ணுவதற்குள் அணைந்தது. என் கையிலிருந்த ஒலிபெருக்கி கூவென்று ஊளையிட்டது. நான் அதைக் கீழே போட்டிருந்தேன்.

நோலீன் வந்து சேர்ந்ததும் சொன்னேன். அவள் முப்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஜாதி.

"குல், உனக்குக் காய்ச்சல் இன்னும் விடலைடி" என்றாள்.

"அப்போ நாளைக்கு நீயே கூப்பிட்டுப் பாரு."

மறுநாள் அவளே கூப்பிட்டாள். மூன்றாம் மாடியில் நாற்பத்துமூன்று டார்ச்சும் வரிசையாக வந்துபோன பிறகு, கடைசியில், "ஸஃப்தர்!" என்றாள். விளக்கு எரிந்தது. அணைந்தது. நோலீன் சிரிக்கவில்லை.

மூன்றாம் மாடியில் இருந்த இஸ்ஹாக்குக்குப் போன் செய்து, "உங்களுக்கு மேல யாருப்பா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர்கள் ஜன்னலிலிருந்து மேல் ஜன்னல் தெரியாது. ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிற பையன்கள், பேய்க் கதை சொல்லி வேறு பயமுறுத்துவானேன் என்று காரணத்தைச் சொல்லவில்லை.

"யாரும் இல்லையே காலா. லிப்ட் அங்க நிக்கறதே இல்ல" என்றான்.

ரோவன் குடிவரவுத் துறைக்கு எழுதிக் கேட்டார். நான்காம் மாடி மூடப்பட்டிருக்கிறது, ஆளில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

எனக்குச் சந்தேகமே இல்லை. ஸஃப்தரைத் தீவிலேயே புதைத்தார்கள். ஓதுவதற்குச் சொந்தக்காரன் ஒருவன் பக்கத்தில் இல்லை. அவன் ஆவி தன் கூட்டத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. நாங்களோ அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கட்டிப்போட்டுக் கொண்டிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் இதற்குச் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். பெயரைக் கூப்பிடக் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் மாவைத் தட்டி எண்ணெயில் போஸ்ராக் பொரிக்க வேண்டும். செத்தவர்களுக்கு அந்த எண்ணெய் வாசம்தான் போய்ச் சேரும். வாசம் கிடைத்தால் நம்மை மறக்கவில்லை என்று நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள்.

"செத்தவனுக்கு எதுக்குடி விளக்கு?" என்று நோலீன் கத்தினாள். "சுவிட்ச அமுக்கறதுக்கு விரல் வேணாமா?"

"உனக்குத் தெரியாததுல தலையிடாத."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கூப்பிட்டா பதில் சொல்றவன் ஆளு. அவன் யாருன்னு கண்டுபிடி, கூப்பிடறத நிறுத்தாத."

"எங்க செத்தவங்களப் பத்தி நீ எனக்கு வகுப்பு எடுக்காத!" என்றேன். கொஞ்சம் அதிகப்படிதான். அவள் அது எங்கள் சங்கதி என்று விட்டுக்கொடுத்தாள். அவள் அன்றைக்கு விட்டுக்கொடுக்காமல் என்னோடு மல்லுக்கு நின்றிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெயரைக் கூப்பிடுவதை நிறுத்தினோம். நான்காம் மாடி ஜன்னல் தினமும் இருட்டாகவே இருந்தது. அடுத்து வந்த வியாழக்கிழமை நடைபாதையிலேயே கேஸ் அடுப்பை வைத்து இருப்புச்சட்டி நிறைய எண்ணெய் ஊற்றினேன். ரோந்து வந்த போலீஸ்காரன் நெருப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நாலு போஸ்ராக்கைக் கையில் வாங்கிக்கொண்டு போனான். காற்று ஹோட்டல் பக்கம் அடித்தது. பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று, அந்த ஜன்னலைப் பார்த்துக் கையேந்தி ஓதினோம். உள்ளே எதுவோ நகர்ந்த மாதிரி இருந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. போய்விட்டான், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நான் அழுதேன். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் இஸ்ஹாக் போன் செய்தான். திங்கள் விடியற்காலையில் விமானம், காவலர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது என்றான். எங்கள் நாற்பத்துமூன்று பேருக்கும் கோர்ட் உத்தரவு கையில் இருந்தது.

"பயப்படாதே, உங்க யாரையும் தொட முடியாது" என்றேன்.

"சரி காலா. அன்னிக்கு யாருக்கு போஸ்ராக் சுட்டீங்க? பசங்களுக்கெல்லாம் வாசத்துல கண்ணு கலங்கிடுச்சு."

ஸஃப்தருக்கு என்றேன். விளக்கு எரிந்ததையும் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இஸ்ஹாக்?"

"காலா, ஸஃப்தர்னு நீங்க கூப்பிட்டப்போ ஏதோ நினைவுநாள்னு நெனச்சேன்" என்றான். "தீவுல ஸஃப்தர் செத்தப்புறமும் பட்டியல்ல அவன் பேர் இருந்துச்சு. காலையில கூப்பிடுவாங்க. யாரும் பதில் சொல்லலன்னா முதல்லேர்ந்து எண்ணுவாங்க, எல்லாரும் வெயில்ல நிக்கணும். அதனால பக்கத்துக் கட்டில்காரன் அவனுக்கும் சேர்த்துக் கை தூக்குவான். பாக்கிர்னு பேரு."

"அப்புறம்?"

"நாலு மாசம் கழிச்சு மேலதிகாரி ஒருத்தர் வந்து செத்தவன் பேரை அடிச்சாரு. ஆனா தப்பா பாக்கிர் பேரை அடிச்சிட்டாரு. அன்னிலேர்ந்து பாக்கிர் செத்தவன், ஸஃப்தர் உயிரோட இருக்கறவன். சோத்து வரிசை, மருந்து வரிசை, எல்லாத்துலயும் அவனை ஸஃப்தர்னுதான் கூப்பிட்டாங்க. அவனும் மனு எழுதினான். இறந்தவர் மனுக் கொடுக்க முடியாதுன்னு திருப்பிட்டாங்க."

"இப்போ எங்க இருக்கான்?"

"தீவுலதான்னு நெனச்சோம். அவனுக்குச் சிறுநீரகக் கோளாறு காலா."

அப்படியானால் மேலே விளக்கைப் போட்டவன் அவன்தான். ஸஃப்தர் என்ற பெயருக்கு எங்களிடம் மனு இல்லை, செத்தவன் என்பதால். பாக்கிர் என்ற பெயர் எங்களுக்குத் தெரியவே தெரியாது. திங்கட்கிழமை விமானத்தில் ஏற்றுவதற்கு இதைவிடத் தோதான ஆள் கிடைப்பானா?

நோலீனை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஐந்து மணிகூட ஆகவில்லை, மழைத் தூறல். "பாக்கிர்!" என்று கூப்பிட்டேன். ஜன்னல் இருட்டாக இருந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மூன்றாம் மாடிப் பையன்கள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். மேலே அசைவே இல்லை.

நோலீன் ஒலிபெருக்கியை என் கையிலிருந்து வாங்கினாள். "ஸஃப்தர்" என்றாள், மெதுவாக.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளக்கு எரிந்தது. இந்தமுறை அது அணையவே இல்லை. எரியவிட்டவனுக்கு அணைக்கத் தெம்பில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ரோவன் இரண்டு பெயரிலும் மனுப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீதிபதி வீட்டிலிருந்தே போனில் விசாரித்தார். பாக்கிர் இறந்துவிட்டார் என்றது துறை. ஸஃப்தரோ தீவுக்குத் திரும்பிவிட்டார் என்றது. திங்கட்கிழமை விமானத்தில் போய்விட்டதாக வெள்ளிக்கிழமையே காகிதத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள், ஆளை ஏற்றுவதுதான் பாக்கி. அப்படியென்றால் அந்த அறையில் இருப்பது யார், கதவைத் திறந்து பாருங்கள் என்றார் நீதிபதி.

திறந்தார்கள். விமானம் அவன் இல்லாமல் போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்க விட்டார்கள். வாசலில் இரண்டு காவலர்கள். கட்டிலில் ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக, என் சின்ன மகன் வயசுக்காரன்.

"கொஞ்ச நாள் கூப்பிட்டீங்க, அப்புறம் நிறுத்திட்டீங்களே காலா" என்றான். குற்றம் சொல்கிற தொனி இல்லை, சும்மா கேட்டான்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செத்தவன்னு நெனச்சேன் தம்பி."

"நானும்தான்" என்றான். "வியாழக்கிழமை எண்ணெய் வாசம் வந்துச்சு, குளியலறை ஓட்டை வழியா. எங்கம்மா தாத்தாவுக்குச் சுடற அதே வாசம். ஜன்னல்ல வந்து பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக் கையேந்தி ஓதிட்டிருந்தீங்க. ஓ, விஷயம் இதுதானான்னு இருந்துச்சு. அப்புறம் தட்டுல சாப்பாடு வெச்சாங்க. இனிமே நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் பரவாயில்லை, பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னான். சூப் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தேன்.

"பாக்கிர், வாயைத் திற."

அவன் அசையவில்லை.

"பாக்கிர்" என்றேன், இன்னும் கொஞ்சம் உரக்க.

யாரையோ கூப்பிடுகிறார்களே என்று அவன் மெல்லத் திரும்பி, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.